நள்ளிரவு ஒரு மணி ஹாக்கி: வாசகர் கேள்வி, என் பதில்

புத்தாண்டு வாழ்த்து சொல்லி நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் சண்டைக்கு வந்துவிட்டீர்கள். போன இதழின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் பிளேஆஃப் (லீக் சுற்று முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) முதல் சுற்று 2025 ஏப்ரல் 19 சனிக்கிழமை தொடங்குகிறது, யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டால் சொல்கிறேன் என்று. வந்த கடிதங்களில் பாதி கணிப்பைப் பற்றி, மீதி என் புத்தியைப் பற்றி. இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஐயா, ஹாக்கி என்றால் புல்லில் ஆடுவது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆடுவதும் அதைத்தான். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?
(சாட்ஸ்வொர்த் வாசகர்)

நியாயமான கேள்வி. நானும் புல் ஹாக்கிக்காரன்தான், முழங்காலில் தழும்பு இருக்கிறது. அக்கா குடும்பம் கனடாவுக்குக் குடிபோய்விட்டது, அங்கே டொராண்டோவில் வளர்ந்த அக்கா மகன் ஒரு டிசம்பர் லீவுக்கு இங்கே வந்தான். டிசம்பரில் டர்பன் எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் காற்றில் பனியனோடு உட்கார்ந்து, அவனுடைய லேப்டாப்பில் ஆட்கள் ஐஸ்மேல் மோதிக்கொள்வதைப் பார்த்தேன். முதல் நாள் பக் எங்கே போகிறது என்றே தெரியவில்லை (பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் கறுப்பு ரப்பர் வில்லைக்குப் பெயர் பக்). மூன்றாம் நாள் அவன் சொன்னான்: "மாமா, பக்கைத் தேடாதீங்க, கோல்கீப்பரைப் பாருங்க, அவர் எந்தப் பக்கம் நகர்றாரோ அங்கேதான் பக் இருக்கும்." அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

அப்புறம், நம் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் தென்னாப்பிரிக்கா 1937இலேயே சேர்ந்தாயிற்று. 1998இல் வாஷிங்டன் அணியை ஸ்டான்லி கோப்பை (என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரும் கோப்பை) இறுதித் தொடர்வரை இழுத்துக்கொண்டு போன கோல்கீப்பர் ஓலாஃப் கோல்ஸிக் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். பெற்றோர் ஜெர்மானியர், வளர்ந்தது வேறு நாடுகளில், அதெல்லாம் சரி. பிறந்த மண் நம்முடையது, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2000ஆம் ஆண்டு லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா கோப்பையையும் வாங்கியவர்.

எத்தனை அணி, எத்தனை ஆட்டம், இங்கே எத்தனை மணிக்கு? சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணா.
(பீனிக்ஸ் வாசகி)

16 அணி, 8 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் 4 ஆட்டம் ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார், அதனால் ஒரு தொடர் 4 ஆட்டத்திலும் முடியலாம், 7வதுவரை இழுக்கவும் செய்யலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி என்றால் நமக்கு நள்ளிரவு ஒரு மணி. மேற்குக் கரை ஆட்டங்கள் விடியற்காலை நாலு மணிக்கு, அதாவது மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குத் தோதான நேரம்.

ஒரு எச்சரிக்கை. சமநிலையில் நின்றால் பிளேஆஃபில் பெனால்டி அடித்து முடிக்கும் வழக்கம் கிடையாது, யாராவது கோல் அடிக்கும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். 1936இல் டெட்ராய்ட்டும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆடிய ஆட்டத்தில் கூடுதல் நேரம் மட்டுமே 116 நிமிடத்தைத் தாண்டியது, கடைசியில் டெட்ராய்ட் ஜெயித்தது 1-0. மறுநாள் வேலை இருக்கிறவர்கள் யோசித்து உட்காரவும்.

லீக் புள்ளிப் பட்டியலில் முதலிடம் கனடாவின் வின்னிபெக். அப்படியென்றால் கோப்பையும் அவர்களுக்குத்தானே, இதில் கணிக்க என்ன இருக்கிறது?
(வெருலம் வாசகர்)

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கேயோ ஆடுவதே ஐஸ்மேல். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணி கோப்பையையும் சேர்த்து வாங்கிக் கடைசியாகப் பார்த்தது 2013இல், சிகாகோ. 2019இல் தாம்பா பே 62 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்து, முதல் சுற்றில் கொலம்பஸிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் வீட்டுக்குப் போனது. 2023இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று லீக் சரித்திரத்திலேயே யாரும் எட்டாத உயரத்தில் நின்றது. முதல் சுற்றில் எதிரே வந்த ஃபுளோரிடாவுக்கு 92 புள்ளிதான். பாஸ்டன் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு, ஏழாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே கூடுதல் நேரத்தில் தோற்றது.

இப்போது வின்னிபெக்குக்கு வருவோம். 116 புள்ளி, அந்த அணி லீக்கில் முதலிடம் பிடிப்பது இதுதான் முதல் தடவை. கோல்கீப்பர் கானர் ஹெல்லபக் இந்த வருடம் 47 ஆட்டம் ஜெயித்திருக்கிறார், இன்றைய தேதியில் உலகத்திலேயே சிறந்தவர் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஏப்ரல் மாதம் வந்ததும் அந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிடுகிறது. 2023இல் வேகஸிடம் ஐந்தே ஆட்டத்தில் தோல்வி, 2024இல் கொலராடோவிடம் மறுபடி ஐந்தே ஆட்டத்தில் தோல்வி, அதிலும் கோல்கள் மழையாகக் கொட்டின.

எதிரே வருவது செயின்ட் லூயிஸ், கடைசி நேரத்தில் தொடர்ந்து 12 ஆட்டம் ஜெயித்து, கால்கரியோடு 96 புள்ளிச் சமநிலையில் வாசல் இடுக்கில் நுழைந்த அணி. அவர்களுடைய கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டன் பிப்ரவரியில் நாலு நாடுகள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கனடாவுக்காக நின்றார், எதிர்ப்பக்கம் அமெரிக்காவுக்காக நின்றது இதே ஹெல்லபக். கனடா கூடுதல் நேரத்தில் 3-2 ஜெயித்தது. இன்னொரு கூத்தும் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் பயிற்சியாளர் ஜிம் மான்ட்கோமெரிதான் 2023இல் அந்த 65 வெற்றிப் பாஸ்டனுக்குப் பயிற்சியாளராக இருந்தவர்! முதல் சுற்றில் பெரிய அணி எப்படிச் சறுக்கும் என்பதை மேலே இருந்து பார்த்தவர், இப்போது கீழே நின்று தள்ளிப் பார்க்கப் போகிறார்.

வின்னிபெக் ரசிகர்கள் பிளேஆஃப் ஆட்டத்துக்கு அரங்கம் முழுக்க வெள்ளை உடையில் வருவார்கள், பார்க்கவே அழகு. என் கணிப்பு: வின்னிபெக், ஏழாவது ஆட்டத்தில். அந்த ஏழாவது ஆட்டத்தை நான் பார்க்கப்போவதில்லை, நெஞ்சு தாங்காது.

போன வருடமும் வின்னிபெக் என்றுதான் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறதா?
(ஐசிபிங்கோ வாசகர்)

இருக்கிறது. அடுத்த கேள்வி.

என் பையன் டொராண்டோவில் இருக்கிறான், "இந்த வருஷம் எங்களுக்குத்தான்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறான். நிஜமாகவே ஏதாவது மாறியிருக்கிறதா, அல்லது அவனுக்கு நான் ஆறுதல் சொல்லத் தயாராக வேண்டுமா?
(டோங்காட் வாசகி)

அம்மா, உங்கள் வீட்டுப் பையனும் என் அக்கா மகனும் ஒரே நோயாளிகள். டொராண்டோ கடைசியாகக் கோப்பை வாங்கியது 1967இல். 2004க்குப் பிறகு 2024வரை அவர்கள் ஜெயித்த பிளேஆஃப் தொடர் ஒன்றே ஒன்று, 2023இல் தாம்பா பேக்கு எதிராக. பாஸ்டனிடம் மட்டும் 2013, 2018, 2019, 2024 என்று நாலு தடவை ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருக்கிறார்கள். 2013இல் கடைசிப் பகுதியில் 4-1 என்று முன்னால் இருந்தும் கோட்டைவிட்டார்கள். அன்றைக்கு அக்கா மகன் எனக்கு போன் செய்து எதுவுமே பேசவில்லை, கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் "சரி மாமா" என்று வைத்துவிட்டான்.

இந்த முறை எதிரே ஒட்டாவா. ஒரே மாகாணத்து இரண்டு ஊர், நம் டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. 2000, 2001, 2002, 2004 என்று நாலு தடவை பிளேஆஃபில் மோதி நாலிலும் டொராண்டோ ஜெயித்தது, அந்தக் காயம் ஒட்டாவாக்காரர்களுக்கு இன்னும் ஆறவில்லை. 2017க்குப் பிறகு ஒட்டாவா பிளேஆஃபுக்கு வருவதே இப்போதுதான். ஆனால் லீக் சுற்றில் இரண்டு அணியும் மோதிய மூன்று ஆட்டத்திலும் ஒட்டாவாவே ஜெயித்திருக்கிறது, உங்கள் பையன் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

மாறியது என்று கேட்டால், பயிற்சியாளர் மாறியிருக்கிறார். கிரேக் பெருபே 2019இல் செயின்ட் லூயிஸுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர், அலங்காரமாக ஆடாதே, உடம்பை வைத்து ஆடு என்று சொல்கிற ரகம். கோல் வாசலில் ஸ்டோலார்ஸ், வோல் என்று இரண்டு பேர், இரண்டு பேரும் நன்றாக நிற்கிறார்கள். பல வருடமாக டொராண்டோவுக்கு இல்லாத கொடுப்பினை அது. ஒட்டாவா வாசலில் நிற்கும் உல்மார்க் 2023இல் வெஸினா வாங்கியவர்தான், ஆனால் பிளேஆஃபில் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை. டொராண்டோ ஆறு ஆட்டத்தில். ஆறுதல் வார்த்தைகளை இந்தச் சுற்றுக்குச் செலவழிக்காமல் அடுத்த சுற்றுக்கு எடுத்து வையுங்கள்.

அங்கிள், ஒவெச்கின் பற்றி எழுதுங்கள். வகுப்பில் யாருக்குமே அவரைத் தெரியவில்லை.
(லெனேசியா மாணவர்)

உனக்குத் தெரிந்திருக்கிறதே, அது போதும் தம்பி. வாஷிங்டன் அணிக்காரர், இந்த மாதம் 6ஆம் தேதி நியூயார்க் ஐலாண்டர்ஸுக்கு எதிராக 895ஆவது கோல் அடித்தார், வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 உடைந்தது. அதிகக் கோல் அடித்தவர் என்ற பெருமை கிரெட்ஸ்கியிடம் 1994 முதல் இருந்தது, இனி யாரும் தொட முடியாது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒவெச்கினுக்கு வயது 39. நவம்பரில் கால் எலும்பு முறிந்து 16 ஆட்டம் வெளியே இருந்தவர், திரும்பி வந்து இந்த லீக் சுற்றை 44 கோலோடு முடித்திருக்கிறார். அவர் 2005இல் சின்னப் பையனாக வாஷிங்டனுக்கு வந்தபோது அணியில் கோல்கீப்பராக இருந்தது யார் தெரியுமா? நம் ஜோகன்னஸ்பர்க் கோல்ஸிக். இதை உன் வகுப்பில் சொல்லு.

வாஷிங்டனுக்கு எதிரே மான்ட்ரியல். 24 கோப்பை வாங்கிய பெரிய வீடு, ஆனால் கடைசிக் கோப்பை 1993இல், அதற்குப் பிறகு எந்தக் கனடிய அணிக்கும் கோப்பை கிடைக்கவில்லை. 2010இல் இதே வாஷிங்டன் லீக்கில் முதலிடம் பிடித்து, மான்ட்ரியலை 3-1 என்று அமுக்கி வைத்திருந்தது, ஹாலாக் என்ற கோல்கீப்பர் சுவர் மாதிரி நின்று தொடரையே புரட்டிப்போட்டார். இந்தத் தடவை அப்படி நிற்க ஆள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. லேன் ஹட்சன் என்ற புதுப் பையன் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே 66 புள்ளி (அடித்த கோலுக்கும் அடிக்க உதவிய கோலுக்கும் ஒவ்வொன்று) எடுத்திருக்கிறார், அவருக்காகப் பார்க்கலாம். வாஷிங்டன் ஐந்தில்.

எல்லாத் தொடரிலும் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்? ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும், பெண்சாதி விட மாட்டாள்.
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

டல்லாஸ், கொலராடோ. கதையைக் கேளுங்கள், வீட்டம்மாவும் சேர்ந்து உட்காருவார்கள்.

மிக்கோ ராண்டனென் கொலராடோ வளர்த்த பிள்ளை, 2022இல் அந்த அணிக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர்களில் ஒருவர். சம்பளப் பேச்சு இழுத்தது. ஜனவரி 24ஆம் தேதி கரோலினாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே 13 ஆட்டம் ஆடினார், ஒட்டவில்லை, நீண்ட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடவும் மனம் இல்லை. மார்ச் 7ஆம் தேதி கரோலினா அவரை டல்லாஸுக்கு மாற்றியது, டல்லாஸ் எட்டு வருடத்துக்கு 9 கோடியே 60 லட்சம் டாலர் என்று கையெழுத்து வாங்கிவிட்டது. இப்போது முதல் சுற்றிலேயே எதிரே வருவது யார்? பிறந்த வீடு! பங்கு பிரித்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை பன்னிரண்டு வாரத்தில் வாசலில் வந்து நிற்கிறான், கையில் கட்டையோடு.

கொலராடோ பக்கமும் ஒரு கதை இருக்கிறது. கேப்டன் லாண்டெஸ்கோக் 2022இல் கோப்பையைத் தூக்கிய ஆட்டத்துக்குப் பிறகு என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, முழங்கால் குருத்தெலும்பையே மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்த மாதம்தான் கீழ் லீக்கில் இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்தார், இந்தத் தொடரில் இறங்கலாம் என்று பேச்சு. இறங்கினால் நான் அழுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டக் கணக்குப்படி டல்லாஸ் நிலைமை மோசம். கடைசி ஏழு ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, தடுப்பாட்டக்காரர் ஹைஸ்கனென் காயத்தால் ஜனவரியிலிருந்து இல்லை, ராபர்ட்சன் கடைசி லீக் ஆட்டத்தில் காயம்பட்டார். கொலராடோவில் மெக்கினன், தடுப்பாட்டத்திலிருந்து 30 கோல் அடித்த மக்கார். கோல்கீப்பர்கள் இரண்டு பேரையுமே நடு சீசனில் மாற்றி, அந்தப் பழைய ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். கொலராடோ ஏழில். ஒரே ஒரு உறுத்தல்: டல்லாஸ் பயிற்சியாளர் பீட் டிபோர் 2024வரை எட்டு தடவை ஏழாவது ஆட்டத்துக்குப் போயிருக்கிறார், எட்டிலும் ஜெயித்திருக்கிறார். அதனால் ஏழு என்று எழுதும்போதே கை நடுங்குகிறது.

லாஸ் ஏஞ்சலஸ், எட்மன்டன் தொடர் போன வருடமும் வந்ததே, பத்திரிகையில் அச்சுப்பிழையா?
(ஸ்டேங்கர் வாசகர்)

பிழை இல்லை, இது தொடர்ந்து நாலாவது வருடம். 2022இல் ஏழு ஆட்டம், 2023இல் ஆறு, 2024இல் ஐந்து, மூன்றிலும் எட்மன்டன்தான், வருடத்துக்கு ஒரு ஆட்டம் குறைந்துகொண்டே வருகிறது. போன தடவை ஆள் கூடுதலாக இருக்கும் பவர் பிளேயில் லாஸ் ஏஞ்சலஸ் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. (கிரிக்கெட் பவர் பிளே வேறு, இது எதிரணிக்காரர் ஒருவர் தண்டனைக்காக வெளியே உட்காரும் இரண்டு நிமிடம்.)

ஆனாலும் நான் இந்தத் தடவை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், ஏழு ஆட்டத்தில். திட்டாதீர்கள். சொந்த அரங்கத்தில் இந்த வருடம் 41 ஆட்டத்தில் 31 ஜெயித்திருக்கிறார்கள், முதல் ஆட்டமும் ஏழாவதும் அங்கேதான். வாசலில் கெம்பர், 2022இல் கொலராடோவோடு கோப்பை வாங்கியவர். எட்மன்டனில் மெக்டேவிட் இருக்கிறார், 52 கோல் அடித்த டிரைசைட்டில் இருக்கிறார், ஆனால் தடுப்பாட்டத்தின் தூண் எக்ஹோம் இல்லை. கோல்கீப்பர் யார் என்று அவர்களுக்கே ஒரு குழப்பம். என் அக்கா மகனின் பாடத்தை மறந்து மெக்டேவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் நானும் எட்மன்டன் என்றுதான் எழுதியிருப்பேன்.

வெயில் ஊரில் ஐஸ் ஹாக்கியா? ஃபுளோரிடாவில் பனியே விழாதே.
(உம்லாங்கா வாசகி)

விழாது, ஆனாலும் அந்த மாநிலத்தில் இரண்டு அணி, இரண்டும் இந்தத் தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. டர்பன்காரர்களுக்கு நம்பிக்கை தரும் விஷயம். தாம்பா பே 2004, 2020, 2021இல் கோப்பை வாங்கியது. ஃபுளோரிடா 2024இன் நடப்புச் சாம்பியன். இரண்டும் 2021இலும் 2022இலும் மோதியபோது தாம்பா, 2024இல் ஃபுளோரிடா. தாம்பாவின் குச்செரோவ் 121 புள்ளியோடு லீக்கிலேயே முதல். ஃபுளோரிடாவில் மேத்யூ கச்சுக் பிப்ரவரியில் பட்ட காயத்திலிருந்து திரும்புகிறார், மார்ச்சில் பாஸ்டனிலிருந்து வந்த மார்ஷாண்ட் எதிரணிக்குக் கட்டெறும்பு மாதிரி. எக்பிளாட் தடையில் இருக்கிறார், முதல் இரண்டு ஆட்டத்துக்கு வர முடியாது. இருந்தாலும் ஃபுளோரிடா, ஆறில். (ஒட்டாவா கேப்டன் பிரேடி கச்சுக் இந்த மேத்யூவின் தம்பி. அவர்கள் வீட்டுத் தாய் இந்த வாரம் எந்த டிவியைப் பார்ப்பார் பாவம்.)

மிச்சம் இரண்டு தொடரைப் பற்றி?
(பல பேர்)

கரோலினா நியூஜெர்சியை ஐந்தில் முடித்துவிடும். நியூஜெர்சியின் ஜாக் ஹியூஸ் தோள்பட்டை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார், அதோடு கதை முடிந்தது. முதல் ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, கண் விழிக்காமல் பார்க்கக்கூடியது இதுதான், புதிதாகப் பார்க்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். வேகஸ், மினசோட்டா: வேகஸ் ஆறில். மினசோட்டா 2015க்குப் பிறகு ஒரு தொடரும் ஜெயித்ததில்லை. கப்ரிஸோவ் காயம் ஆறி வந்துவிட்டார், அவர் தனியாக இரண்டு ஆட்டம் ஜெயித்துக்கொடுப்பார், நாலு முடியாது.

ஆட்டக்காரர்கள் ஏன் சவரம் செய்வதில்லை?
(மவுண்ட் எட்ஜ்கோம்ப் வாசகி)

காவடிக்கு விரதம் இருக்கும் நம் வீட்டு ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள். பிளேஆஃப் தொடங்கினால் தோற்கும்வரை தாடியைத் தொட மாட்டார்கள், 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் ஐலாண்டர்ஸ் ஆரம்பித்த பழக்கம். அவர்கள் தொடர்ந்து நாலு கோப்பை வாங்கியதால் மற்றவர்களுக்கும் நம்பிக்கை பிறந்துவிட்டது. இரண்டு மாதம் தள்ளி இறுதிச் சுற்றில் பார்த்தால் எல்லோரும் சாமியார்.

இந்தக் கணிப்பை நம்பிப் பணம் கட்டலாமா?
(ஓவர்போர்ட் வாசகர்)

ஐசிபிங்கோ வாசகரைக் கேளுங்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை தீமிதிக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சனிக்கிழமை ராத்திரி முழிக்க முடியுமா ஐயா? எங்கள் வீட்டில் நாலு பேர் பார்க்கத் தயார்.
(கேட்டோ மேனர் வாசகர்)

வெள்ளிக்கிழமை ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். சனிக்கிழமை மத்தியானமும் ஒரு தூக்கம் போடுங்கள். வின்னிபெக் ஆட்டம் நமக்கு நள்ளிரவுக்கு, அது முடிந்து கொஞ்ச நேரத்தில் டல்லாஸ், கொலராடோ. இரண்டுக்கும் நடுவே பசிக்கும், கடை எதுவும் திறந்திருக்காது, அதனால் சாயங்காலமே பீன்ஸ் கறி பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறியை நிரப்பியது) வாங்கி வைத்துவிடுங்கள், விரதம் முடிக்காதவர்களும் சாப்பிடலாம். ஐந்தாவது ஆளாக நான் வரலாமா?